வீடு, மனைத் தகராறு: வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. கட்சிக்காரர்கள் சீனியர் அறைக்குள் போகும்முன் என் மேசைக்கு எதிரே கிடக்கும் மரப் பெஞ்சில்தான் உட்காருவார்கள். ஊர் வேறு, ஆள் வேறு, கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது. இதில் இருப்பதெல்லாம் தமிழ்நாட்டு வீடு, மனைகளுக்கு மட்டும். விவசாய நிலமும் கோயில் நிலமும் தனிக் கதை.

படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சண்டை உரிமை பற்றியதா, சுவாதீனம் பற்றியதா, எல்லை பற்றியதா? சொத்து யாருடையது என்பது உரிமை. இப்போது யார் கையில் இருக்கிறது என்பது சுவாதீனம். எதுவரை என்பது எல்லை. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு தவறான வழக்கைப் போட்டுப் பத்து வருஷம் அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

"பட்டா எங்க பேர்ல இருக்கு. அப்புறம் அவன் எப்படிக் கேஸ் போட முடியும்?"

போட முடியும். பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு. சொத்து உங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்வது கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில் போன்றவைதான். பட்டா ஒருவர் பெயரிலும் பத்திரம் இன்னொருவர் பெயரிலும் இருந்தால், நீதிமன்றம் பத்திரத்தைத்தான் முதலில் பிரித்துப் பார்க்கும். பட்டா ஒரு துணைச் சான்று, அவ்வளவுதான். கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், கதை கொஞ்சம் மாறும். அங்கே பல வீடுகளுக்குப் பத்திரமே இருக்காது. நத்தம் பட்டா, பழைய வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் அங்கே நல்ல எடை பெறும்.

பட்டா தவறாக மாறியிருந்தால் 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு உண்டு. ஆனால் சொத்தே யாருடையது என்பதில் சண்டை இருந்தால் அவர்களும் "சிவில் கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் எழுதுவார்கள். எழுதவும் வேண்டும். உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

"வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமா இருக்கு. வாங்கிடலாமா?"

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். பதிவு செய்யாத உயில் வராது. கைமாற்றாகப் பணம் வாங்கிக்கொண்டு அசல் பத்திரத்தை நண்பரிடம் கொடுத்துவைத்தது வராது. இறந்துபோன அப்பாவுக்கு இன்னொரு மகள் இருக்கிறாள் என்பது வராது. நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் வராது. அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரைப் போட்டுத் தனியாகத் தேட வேண்டும். பெயரைத் தமிழில் எழுதும்போது ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்பது என்பதால் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் கேட்ட சர்வே எண்ணுக்கும் ஆண்டுகளுக்கும்தான் சான்று வரும். சர்வே எண் உட்பிரிவு ஆவதற்கு முன் இருந்த பழைய எண்ணுக்கும் போட்டுப் பார்த்தீர்களா? கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விற்பவரிடம் ஜெராக்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அசலை, அதுவும் தாய்ப் பத்திரத்திலிருந்து, கண்ணால் பாருங்கள்.

"பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு அடி உள்ளே தள்ளிச் சுவர் எடுக்கிறார். என் பத்திரத்தில் தெளிவா இருக்கே?"

முதலில் பத்திரத்தைச் சரியாகப் படித்தீர்களா என்று பார்ப்போம். சொத்து விவரத்தில் "நான்கு மால்" என்று நாலு பக்க எல்லை வருமே, அதில் "கந்தசாமி வீட்டுக்குக் கிழக்கு" என்று எழுதியிருந்தால் கந்தசாமி வீடு உங்களுக்கு மேற்கே இருக்கிறது என்று பொருள். கந்தசாமி வீட்டுக்குக் கிழக்கே உங்கள் இடம் இருக்கிறது, அவ்வளவே. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்கள், படித்தவர்கள், ஒரு வாத்தியார்கூட, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது அளவு. பத்திரத்தில் "கிழமேலடி 30, தென்வடலடி 60, ஆக 1800 சதுரடி" என்று அடிக்கணக்கு. சர்வே துறையின் புலப்படத்தில் மீட்டர் கணக்கு. 30 அடி என்றால் 9.14 மீட்டர். உட்பிரிவு செய்தபோது யாரோ 9.0 என்று எழுதிவைத்திருந்தால் காகிதத்திலேயே கிட்டத்தட்ட அரை அடி போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் திருடவில்லை, தசமப் புள்ளி திருடிவிட்டது. நான்கு மாலும் அளவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பொதுவாக நான்கு மாலுக்குத்தான் நீதிமன்றம் முன்னுரிமை தரும்.

ஆகவே தாசில்தார் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, எல்லையை அளந்து காட்ட மனுக் கொடுங்கள். சர்வேயர் வரும் அன்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அவரும் நிற்க வேண்டும். அளந்த பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வழக்கு. அதில் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, சர்வேயர் துணையோடு அளந்து வரைபடம் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்கலாம். அஸ்திவாரம் தோண்டும்போதே வாருங்கள். தளம் போட்டு கிரகப்பிரவேசத்துக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தால், "இத்தனை நாள் எங்கே போனீர்கள்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

"போலீஸ்ல போனா 'இது சிவில் மேட்டர்'னு விரட்டுறாங்க."

பாதி நேரம் அவர்கள் சொல்வது சரி. சொத்து யாருடையது என்று சொல்ல ஸ்டேஷனுக்கு அதிகாரம் இல்லை. கட்டப் பஞ்சாயத்துப் பண்ணி எழுதி வாங்கும் காகிதத்துக்கும் மதிப்பில்லை. ஆனால் போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம், பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தது, அடிதடி, மிரட்டல் எல்லாம் குற்றம். அவற்றுக்குப் புகார் எடுத்தே ஆக வேண்டும். புகாரில் உரிமைக் கதையை நாலு பக்கம் எழுதாமல், எந்தத் தேதியில் யார் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். மனு ஏற்புச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

நீங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து சட்டப்படி இல்லாமல் வெளியே தள்ளப்பட்டால், தனிப் பரிகாரம் இருக்கிறது. குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமை யாருக்கு என்ற கேள்விக்குள் போகாமலே சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். 6 மாதம் தாண்டினால் நீண்ட வழிதான்.

"தாத்தா சொத்து. பேரனுக்குப் பங்கு உண்டுதானே?"

ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, அவர் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்தார் என்றால், அந்த வீடு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் உயிரோடிருந்தால் தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். உங்கள் அப்பா பங்குக்கு வந்தது அவருடைய தனிச் சொத்து. அவர் அதை விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அவர் உயிரோடிருக்கும்போது "என் பங்கைக் கொடு" என்று நீங்கள் கேட்க முடியாது. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து பிரிக்காமல் வந்த உண்மையான பூர்வீகம் என்றால் மட்டும் பிறப்பால் பங்கு.

இது இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், அதில் மகனும் மகளும் சமம். முஸ்லிம்களுக்கு ஷரியத், மகளுக்கு மகனின் பங்கில் பாதி.

"எனக்கு 1985-லயே கல்யாணம் ஆயிடுச்சு. அண்ணன் 'உனக்குச் சட்டத்துல இடம் இல்ல'ங்கிறான்."

அண்ணன் பழைய சட்டத்தைச் சொல்கிறார், அதுவும் பாதியை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தத்தில், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் இடமில்லாமல்தான் இருந்தது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்துவிட்டது. திருமணமானவரோ ஆகாதவரோ, மகள் மகனுக்குச் சமம். அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. இருந்திருக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பாகப்பிரிவினையோ விற்பனையோ முடிந்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது.

மேலே சொன்ன அப்பாவின் தனிச் சொத்துக்கு இந்தச் சுற்றெல்லாம் வேண்டியதே இல்லை. அதில் 1956-இலிருந்தே மகளுக்குச் சம பங்கு. ஒரே ஒரு தடை இருந்தது. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண் வாரிசு கேட்க முடியாது, ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொன்னது. அதையும் 2005 திருத்தம் எடுத்துவிட்டது. "கையெழுத்து மட்டும் போடு, பேங்க் லோனுக்கு" என்று அண்ணன் நீட்டும் தாளைப் படித்துப் பாருங்கள், அம்மா. பெரும்பாலும் அது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கும்.

"அண்ணன் தம்பிங்க கூர்சீட்டு எழுதி 20 வருஷமா அப்படியே அனுபவிக்கிறோம். செல்லுமா?"

கூர்சீட்டு என்பது பங்கு பிரித்ததைக் குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் தாள். அந்தத் தாளில் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை நினைவுக்காகக் குறித்துவைக்கிறோம்" என்று இருந்தால் பதிவு தேவையில்லை. "இதன்மூலம் உனக்கு இது, எனக்கு இது" என்று அந்தத் தாளே பிரிப்பதாக இருந்தால் பதிவு கட்டாயம். பதியாவிட்டால் பிரிவினையை நிரூபிக்க அது உதவாது. எல்லோரும் உயிரோடும் உறவோடும் இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். அடுத்த தலைமுறை வந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நாலு பேர் பதினெட்டு ஆவார்கள், அதில் ஒருவர் துபாயில் இருப்பார்.

"வீட்டைப் பையனுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப சோறு போட மாட்டேங்கிறான். ரத்து பண்ணலாமா?"

தான செட்டில்மெண்ட் எழுதி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு, நீங்கள் மட்டும் போய் ரத்துப் பத்திரம் பதிய முடியாது. ஆனால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அவர் பராமரிக்கவில்லை என்றால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். வக்கீல்கூட வேண்டாம், மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

சிக்கல் "நிபந்தனையோடு" என்ற சொல்லில். அன்பின் காரணமாக எழுதிக் கொடுத்தேன் என்று மட்டும் இருந்தால் போதாது என்று 2022-இல் ஒரு தீர்ப்பு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பத்திரம் எழுதிய அன்றே மகன் தனித்தாளில் கொடுத்த உறுதியையும் சேர்த்துப் படித்து, தாய்க்கு வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இனி எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: பராமரிப்பு நிபந்தனையையும், உங்கள் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பையன் முகம் சுளித்தால், அதுவே உங்களுக்குத் தேவையான தகவல்.

"வாடகைக்கு இருக்கிறவர் 12 வருஷம் ஆச்சுன்னா வீடு அவருக்கே சொந்தமாமே?"

ஆகாது. 12 வருஷக் கணக்கு, உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, "இது என்னுடையது" என்று சொல்லி அனுபவிப்பவருக்குத்தான். அரசு நிலம் என்றால் 30 வருஷம். வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியில் இருக்கிறார். 40 வருஷம் இருந்தாலும் வாடகைதாரர்தான். சும்மா இருக்கட்டும் என்று விட்ட சொந்தக்காரருக்கும் இதுவே. ஆனாலும் வாடகை ரசீது, வங்கி வழி வாடகை என்று ஒரு தடயம் வைத்திருங்கள். நாளை அவர் "நான் வாடகைக்கே வரவில்லை" என்று ஆரம்பித்தால் அதுதான் காப்பாற்றும்.

காலி செய்ய வைக்க இப்போது பழைய 1960 வாடகைச் சட்டம் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை என்று காரணங்களைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஒப்பந்தம் போடத் தவறியதே ஒரு காரணமாகவும் இருக்கிறது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திக் காலி செய்ய வைப்பது மட்டும் வேண்டாம். அது உங்கள் வழக்கை நீங்களே கெடுப்பது.

"அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. விலை ஏறினதும் பத்திரம் போட மாட்டேங்கிறார்."

ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லி வழக்குப் போடலாம். காலக்கெடு 3 வருஷம். ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து, இல்லாவிட்டால் அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. ஆனால் மீதிப் பணத்தோடு நீங்கள் தயாராக இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். வங்கிக் கணக்கு, கடன் ஒப்புதல் கடிதம், நீங்கள் அனுப்பிய நோட்டீஸ், இவைதான் சாட்சி. வாயால் "ரெடியா இருந்தேன்" என்பது கூண்டில் நிற்காது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்துக்கும் பவர் பத்திரத்துக்கும் பதிவு கட்டாயம். பதியாமல் 20 ரூபாய்த் தாளில் எழுதிவிட்டவர்கள் உடனே மனம் உடைய வேண்டாம். இத்தகைய வழக்கில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கிலேயே. பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு "வாங்கிவிட்டேன்" என்பவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. பவர் உரிமையை மாற்றாது என்று 2011-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அதோடு முடிந்தது.

"பில்டர் ரெண்டு வருஷமா இழுத்தடிக்கிறார். யார்கிட்ட போறது?"

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், அல்லது 8 வீடுகளுக்கு மேல் என்றால் திட்டம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவில் இருக்க வேண்டும். சொன்ன தேதியில் வீட்டைத் தராவிட்டால், விலகி வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீடுதான் வேண்டும் என்றால் தாமதத்துக்கு மாதாமாதம் வட்டி கேட்கலாம். ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அங்கே 2 வருஷக் கெடு. மனையில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுரடி என்று உங்கள் பத்திரத்தை எடுத்து இப்போதே பாருங்கள். மொத்த வீடுகளின் பாகத்தைக் கூட்டினால் மனையின் அளவைத் தாண்டும் கட்டடங்கள் இருக்கின்றன.

"இன்ஜங்ஷன் மட்டும் போட்டா போதாதா? அதுதான் செலவு கம்மினு சொன்னாங்க."

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். தடையுத்தரவு வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் குறைவு. சொத்து உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது உரிமை விளம்புகை. அதையும் தடையுத்தரவையும் சேர்த்துக் கேட்டால் சந்தை மதிப்பில் பாதிக்கு 3 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 60,000 ரூபாய். விளம்புகையோடு சுவாதீனமும் கேட்டால் முழு மதிப்புக்கு, அதாவது 1,20,000 ரூபாய். அதனால் எல்லோரும் முதல் கதவைத் தட்டுகிறார்கள்.

உங்கள் உரிமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை, வீடு உங்கள் கையில் இருக்கிறது, சும்மா தொந்தரவு செய்கிறான் என்றால் தடையுத்தரவு போதும். ஆனால் எதிராளியும் ஒரு பத்திரத்தை நீட்டுகிறான் என்றால் உரிமையின் மேல் மேகம் சூழ்ந்துவிட்டது. அப்போது வெறும் தடையுத்தரவு கேட்டால் வழக்கே தள்ளுபடி ஆகலாம் என்று 2008-இல் அனந்துல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் தினம் ஒருமுறையாவது அந்தப் பெயர் காதில் விழும். விளம்புகைக்கு 3 வருஷக் கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கும். கட்டணத்தை மிச்சம் பிடித்தவர் கெடுவைத் தொலைப்பது இப்படித்தான். பாகப்பிரிவினை வழக்கில் நீங்களும் கூட்டுச் சுவாதீனத்தில் இருந்தால் சிறு நிலையான கட்டணம்தான், பயப்பட வேண்டாம்.

"எதிரி ஸ்டே வாங்கிடுவானோன்னு பயமா இருக்கு."

கேவியட் மனுத் தாக்கல் செய்யுங்கள். 90 நாள் செல்லும். அதுவரை உங்களைக் கேட்காமல் உத்தரவு வராது.

"கேஸ் நடக்கும்போதே வீட்டை வேற ஒருத்தருக்கு வித்துட்டான். எல்லாம் போச்சா?"

போகவில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்புக் கட்டுப்படுத்தும். "எனக்குத் தெரியாது" என்பது அவருக்கு உதவாது. ஆனால் அவரையும் வழக்கில் சேர்த்துவிடுவது நல்லது. வாங்கும் இடத்தில் நீங்கள் இருந்தால்? இரண்டாவது கேள்வியில் இ-கோர்ட்ஸ் பற்றிச் சொன்னது இதற்காகத்தான்.

"எத்தனை வருஷம் ஆகும்? சமாதானமாப் போக வழி இருக்கா?"

வருஷக் கணக்கை யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். வழி இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாக முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்த முடிவுக்கு மேல்முறையீடும் இல்லை.

சமாதானம் பேசும்போது சின்ன விஷயங்களை விடாதீர்கள். இரண்டு சகோதரர்கள் வீட்டை மேலும் கீழுமாகப் பிரித்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள். மாடிப்படி யார் பங்கில், போர் மோட்டார் பில்லை யார் கட்டுவது என்று எழுதவில்லை. எட்டே மாதத்தில் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள், இந்த முறை ஆளுக்கொரு ஓரத்தில்.

"ஜெயிச்சாச்சு. இன்னும் காலி பண்ண மாட்டேங்கிறான்."

தீர்ப்பு தானாக நடக்காது. நிறைவேற்று மனுப் போட வேண்டும். சுவாதீனத் தீர்ப்புக்கு 12 வருஷம் அவகாசம், சுவரை இடி என்பது போன்ற செயலுறுத்துக் கட்டளைக்கு 3 வருஷம்தான். நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது, அந்த வரியை உங்கள் வக்கீலை மனுவில் எழுதச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பூட்டை உடைக்கவும் போலீஸ் பாதுகாப்புக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உத்தரவை நிறைவேற்ற கோர்ட் ஊழியரான அமீனா வரும் அன்று ஒரு ஆசாரி, இரண்டு சாட்சிகள், சாமான்களை வெளியே எடுத்துவைக்க ஆட்கள், கையில் ஒரு புதுப் பூட்டு. உடைத்த பூட்டுக்குப் பதிலாக மாட்டப் பூட்டு இல்லாமல், அமீனாவை வாசலில் உட்காரவைத்துவிட்டுக் கடைக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.